உத்தியோகம் விட்டுச் செல்வோரும் தடை ஷரத்தும்

பட்டப் பரீக்ஷையிற் தேறி வெளியேறும் நம் மாணவர்களுட் பலர், சின்னாட்களில் ஏதேனும் ஒரு கம்பெனியிலிருந்து நியமன உத்தரவு பெறுகின்றனர். அவ்வுத்தரவு பெரும்பாலும் ஒரு தாளில் அடங்குவதன்று. முதற்றாளிற் கண்ட சம்பளத்தொகையால் மகிழ்வெய்திக் கடைசித் தாளிற் கையொப்பமிட்டு அனுப்பிவிடுவோரே மிகுதி. இடைப்பட்ட தாள்களை நிதானமாக வாசிப்போருக்கு, அவற்றுள் ஒரு ஷரத்து கண்ணிற் படுதல் கூடும். அது கூறுவதாவது: இக்கம்பெனியை விட்டு நீங்கியபின், இத்தனை மாதம் அல்லது இத்தனை ஆண்டு, இதனோடு போட்டியிடும் வேறெந்த நிலையத்திலும் சேரமாட்டேன், அத்தொழிலைத் தனியே நடத்தவும் மாட்டேன் என்பது. இவ்வாறு எழுதிக்கொடுத்தவர்கள் பின்னர்ப் போட்டி நிலையத்திற்கே செல்லுதல் நாடோறும் நிகழ்வது. அங்ஙனம் செல்வோன் வாக்குத் தவறியவனா? சட்டம் அவனைத் தடுக்குமா? தடுக்குமாயின் எவ்வளவு தூரம் தடுக்கும்? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலாளி இவ்வாறு எழுதி வாங்குவதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஒன்றுமறியாது வந்த இளைஞனுக்குப் பொருள் செலவிட்டுத் தொழில் கற்பிக்கிறார், வாடிக்கைக்காரர்களை அறிமுகப்படுத்துகிறார், பக்குவங்களையும் விலைக் கணக்குகளையும் நம்பி ஒப்படைக்கிறார். அவன் கைதேர்ந்த மறுநாளே எதிர்க்கடைக்காரர் நூறு ரூபாய் அதிகமாய்க் காட்டி அழைத்துக்கொண்டால், கற்பித்தவருக்கு வயிற்றெரிச்சல் உண்டாதல் இயல்பே. மற்று, தொழிலாளியின் பக்கமும் ஒன்று உண்டு. அவனுக்கு விற்பதற்கு வேறு சரக்கில்லை. கற்ற தொழிலொன்றே அவன் சரக்கு. அதனை நன்கு விலைமதிப்போர் பெரும்பாலும் அதே தொழில் நடத்தும் போட்டிக்காரர்களே. ஆகவே போட்டியிற் சேராதே என்பது, பல சமயங்களில், உன் சரக்கை வாங்குவோரிடம் விற்காதே என்பதாகவே முடிகிறது.

இவ்வழக்கு மிகப் பழமையானது. இங்கிலாந்தில் 1414-ஆம் ஆண்டில் ஜான் டயர் என்னும் சாயக்காரர் ஒருவர்மேல் வழக்குத் தொடரப்பட்டது. குறித்த ஓர் ஊரில் அரையாண்டு சாயத்தொழில் செய்வதில்லையென அவர் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். நியாயாதிபதி ஹல் என்பவர் அப்பத்திரத்தைக் கண்டு வெகுண்டு, இதனை எழுதி வாங்கிய வாதி இங்கிருந்தால், அரசருக்கு அபராதம் செலுத்தும்வரை அவரைச் சிறையில் இருத்துவேன் என்னும் கருத்துப்படப் பேசினாராம். கைத்தொழிலாளிகள் குறைந்திருந்த அக்காலத்தில், தொழில் தெரிந்த ஒருவனைச் சும்மா இருக்கச்செய்வது ஊருக்கே இழைக்கும் தீங்காகக் கருதப்பட்டது.

அக்கோபம் நூற்றாண்டுகளிற் சிறிது சிறிதாகத் தணிந்தது. 1711-இல் லண்டனின் ஹோபர்ன் பகுதியிலிருந்த ரொட்டிச்சாலை ஒன்றைப் பற்றிய வழக்கில், காலமும் இடமும் அளவுபட்டு, தக்க பிரதிபலனும் பெற்றிருந்தால் அத்தடை செல்லும் எனத் தீர்ப்பாயிற்று. 1894-இல் நார்டன்பெல்ட் என்னும் பீரங்கி வியாபாரி தம் வியாபாரத்தை விற்றபோது எழுதிக்கொடுத்த 25 ஆண்டுத் தடை, உலகம் முழுவதற்குமே செல்லுமெனப் பிரபுக்கள் சபை கூறிற்று. ஆயினும் கடையை விற்றுக் கைநிறையப் பணம் பெற்றவன் ஒருவன்; மாதச் சம்பளத்துக்கு உழைப்பவன் மற்றொருவன். இவ்விருவரையும் ஒரே தராசில் நிறுத்தலாகாதென்பதை அதே சபை 1916-இல் தெளிவாக்கிற்று. பாரந்தூக்கும் யந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியிற் சிறுவயதிலேயே சேர்ந்து, படம் வரைபவராக உயர்ந்த ஒருவர், விலகியபின் 7 ஆண்டு பிரிட்டன் முழுவதிலும் அத்தொழிலைச் செய்யலாகாதென்பது அங்கு வழக்கிலிருந்த ஷரத்து. அது செல்லாதென்றனர். முதலாளியின் இரகசியம் முதலாளிக்கே உரியது; வேலை செய்து செய்து ஊழியன் பெற்ற திறமை ஊழியனுக்கே உரியது. இதுவே அத்தீர்ப்பின் சாரம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்குள்ள சட்டம் இங்கிலாந்தின் சட்டத்தினும் கடுமையானதென்பது பலருக்கு வியப்பளிக்கும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு ஒன்றுண்டு. சட்டத்திற்கு இசைந்த எந்தத் தொழிலையும் வியாபாரத்தையும் ஒருவர் நடத்தவொட்டாமற் தடுக்கும் உடன்படிக்கை, அத்தடுக்கும் அளவிற்குச் செல்லாது என்பதே அதன் பொருள். வியாபாரத்தின் நற்பெயரை விற்றவருக்கு மட்டும் அங்கு ஒரு விலக்குண்டு. தடை நியாயமானதா, அன்றா என்னும் கேள்விக்கே அப்பிரிவில் இடமில்லை. அஃது ஆங்கிலேயரிடமிருந்து வந்ததுமன்று. நியூயார்க் நகரத்து வக்கீலாகிய டேவிட் டட்லி பீல்டு என்பவர் தம் மாகாணத்துக்கென்று வகுத்த சட்ட நகலிலிருந்து எடுக்கப்பட்டது. நியூயார்க் அந்நகலை ஏற்கவில்லை. அதே 1872-இல் அதனை ஏற்றுக்கொண்ட வேறொரு மாகாணம் கலிபோர்னியா. 1958-இல் நம் லா கமிஷன், நியாயமான தடைகளை அனுமதிக்கும்படி இப்பிரிவைத் திருத்தலாமென்று சொல்லியும், திருத்தப்படவில்லை.

இப்பிரிவு எவ்வளவு கண்டிப்பாகப் பயன்பட்டதென்பதைச் சில பழைய வழக்குகளாற் காணலாம். கல்கத்தாவில் அருகருகே பித்தளைப் பாத்திர வியாபாரம் செய்த இருவருள் ஒருவர், மற்றவர் கடையை மூடிக்கொண்டால், அவர் தம் வேலையாட்களுக்கு முன்பணமாய்க் கொடுத்திருந்த ரூ. 900-ஐத் தாமே தந்துவிடுவதாகச் சொன்னார். அவரும் மூடினார், பணம் வரவில்லை. 1874-இல் பிரதம நியாயாதிபதி சர் ரிச்சர்டு கௌச், தடை ஓர் இடத்துக்கு மட்டுமே உரிய சிறு தடையாயினும் தடையே, உடன்படிக்கை செல்லாது, ஆகவே பணமும் கேட்க முடியாது என்றார். கடையை மூடியவர்பால் நமக்கு இரக்கம் உண்டாகிறது. எனினும் சட்டம் வளையவில்லை. நம் சென்னையிலேயே, ஓக்ஸ் கம்பெனியார் தம் ஊழியர் ஒருவரிடம், விலகியபின் சென்னையிலிருந்து 800 மைலுக்குள் அத்தகைய தொழில் செய்வதில்லையென எழுதி வாங்கியிருந்தனர். பம்பாய், ஹைதராபாத், கொழும்பு யாவும் அவ்வட்டத்துள் அடங்கும்! 1876-இல் சென்னை ஹைக்கோர்ட் அதனைத் தள்ளிவிட்டது. அஸ்ஸாம் தேயிலைக் கம்பெனி ஒன்று 5 ஆண்டு, 40 மைல் என்று போட்டிருந்த தடையும் 1885-இல் அவ்வாறே ஒழிந்தது.

பீல்டு வகுத்த அதே விதி கலிபோர்னியாவில் விளைத்ததைச் சிறிது பார்ப்பதும் நன்று. 1957-இல் அங்குள்ள மவுண்டன் வியூ என்னுமூரில், நோபல் பரிசு பெற்ற வில்லியம் ஷாக்லியின் ஆய்வுக்கூடத்திலிருந்து எண்மர் ஒருங்கே விலகி, அதே தொழிலுக்கென்று பேர்சைல்டு செமிகண்டக்டர் என்னும் நிலையத்தைத் தொடங்கினர். ஷாக்லி மனம் புழுங்கினார். 1968-இல் அவ்வெண்மருள் இருவராகிய ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் பேர்சைல்டையும் விட்டு நீங்கி இன்டெல் கம்பெனியை நிறுவினர். தாய்மரத்தினின்று விழுந்த வித்துக்கள் அண்மையிலேயே முளைத்துத் தோப்பானாற்போல அப்பள்ளத்தாக்கு வளர்ந்தது. ரொனால்டு கில்சன் என்னும் சட்ட ஆசிரியர் 1999-இல், தடை ஷரத்துகள் செல்லுபடியாகி வந்த மாஸசூஸெட்ஸில் அத்தகைய வளர்ச்சி தேய்ந்ததற்கும், கலிபோர்னியாவில் ஓங்கியதற்கும் இச்சட்ட வேற்றுமை ஒரு முக்கிய காரணமென வாதித்தார். ஒரு பிரிவு மட்டுமே ஒரு தேசத்தின் தொழில் வளத்தை உண்டாக்கிவிடாது. ஆயினும் போகிறவனைக் கட்டிவைப்பதாற் தொழில் வளருமென்று சொல்வோருக்கு இது தக்க மறுமொழியே.

இவ்வளவும் கேட்ட மாணவன், அவ்வாறாயின் எதனையும் எழுதிக்கொடுக்கலாம், எப்பொழுதும் போய்விடலாம் என்று எண்ணுவானாயின் அது பெருந்தவறு. ஊழியம் முடிந்தபின் உள்ள தடை வேறு. ஊழியக் காலத்துக்குள்ளேயே உள்ள தடை வேறு. இவ்வேற்றுமையை அறிவிக்க ஒரு பாடகியின் கதையே போதும். 1852-இல் லண்டனில் பெஞ்சமின் லம்லி என்பவரின் நாடகசாலையில் மூன்று மாதம் பாடுவதாகவும், அக்காலத்தில் வேறெங்கும் பாடுவதில்லையென்றும் ஜொஹன்னா வாக்னர் என்னும் ஜெர்மானியப் பாடகி ஒப்பினார். புகழ்பெற்ற சங்கீத வித்துவான் ரிச்சர்டு வாக்னருக்கு அண்ணன் மகள் முறையினர் இவர். எதிர் நாடகசாலையை நடத்திய பிரெடெரிக் கை என்பவர் அதிகப் பணம் தருவதாகச் சொல்லவே, அவர் அங்குச் செல்ல இசைந்தார். நியாயஸ்தலம் அவரை லம்லியின் மேடையிற் பாடும்படி கட்டளையிடவில்லை. மனமில்லாத குரலை எந்தக் கட்டளையாற் பாடுவிப்பது? ஆனால் அம்மூன்று மாதமும் வேறு மேடையிற் பாடலாகாதெனத் தடையுத்தரவு பிறப்பித்தது. மறு ஆண்டிலேயே, உடன்படிக்கையிற் கட்டுண்டவரை அறிந்தே ஆசைகாட்டி அழைத்த போட்டிக்காரர்மேலும் வழக்குத் தொடரலாமென முடிவாயிற்று. இப்பாடகியின் கதை பெயரின்றி நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலேயே உதாரணமாக ஏறியிருந்தது. 1877-ஆம் ஆண்டின் பழைய நிர்த்திஷ்டப் பரிகாரச் சட்டத்தை வாசிப்போர் அதனைக் காணலாம்.

இக்கதையின் இந்தியப் பதிப்பு 1967-இல் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. பம்பாய்க்கு அருகே கல்யாணில், மோட்டார் டயருக்குள் வைக்கும் நூலைச் செய்யும் சாலையொன்றை ஸெஞ்சுரி மில் கம்பெனியார் நிறுவினர். அந்நூற்பக்குவத்தை ஹாலந்து, ஜெர்மனி தேசத்துக் கம்பெனிகள், இரகசியங் காப்பதாக ஊழியர்களிடமும் எழுதி வாங்கவேண்டுமென்னும் நிபந்தனையோடு கொடுத்திருந்தன. 1963 மார்ச்சில் ஓர் இளைஞர் ஷிப்ட் சூப்பர்வைசராக 5 ஆண்டு உடன்படிக்கையிற் சேர்ந்து பயிற்சி பெற்றார். அவ்வைந்தாண்டுக்குள் விலகினால் மிஞ்சிய காலத்தில் அதே தொழிலிற் பிறரிடம் சேர்வதில்லையென்பது ஒரு ஷரத்து. மறு ஆண்டிலேயே அவர், கோட்டா நகரில் அதே நூலைச் செய்யும் ராஜஸ்தான் ரேயான் கம்பெனியில் மாதம் ரூ. 560 சம்பளத்துக்குச் சேர்ந்துவிட்டார். முன் பெற்றதினும் அஃது அதிகம். சுப்ரீம் கோர்ட் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஆயினும் அத்தீர்ப்பின் அளவைக் கவனித்தல் வேண்டும். தடை 1968 மார்ச் 15-ஆம் தேதி வரைக்குமே; டயர் நூற்றொழிலில் அவ்வேலைக்கும் அதையொத்த வேலைக்குமே; வேறு தொழில் செய்து பிழைக்க அவருக்குத் தடையில்லை. தாமே ஒப்புக்கொண்ட காலத்துக்குள் ஒருவருக்கே உழைப்பதென்பது தொழிலைத் தடுப்பதாகாது, தொழிலைச் செய்வதேயாகும் என்பது இதன் கருத்து.

காலம் முடிந்தபின் என்ன? 1980-இல் வந்த மற்றொரு வழக்கு, ஒரு சொல்லின்மேல் நின்றது. கல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டு சரக்குகளைப் பரிசோதித்துச் சான்றளிக்கும் கம்பெனி ஒன்று, தன் டில்லி மானேஜர் விலகிய பின் 2 ஆண்டு, கடைசியாக வேலைபார்த்த ஊரில் அத்தொழிலைச் செய்யலாகாதென்று எழுதி வாங்கியிருந்தது. பின்னர்க் கம்பெனியே அவரை வேலையினின்று நீக்கிவிட்டது. அவர் டில்லியிற் சொந்தமாய் அதே தொழிலைத் தொடங்கினார். நியாயாதிபதிகள் மூவருள் இருவர், ஷரத்திலுள்ள 'விலகுதல்' என்பது தானே விலகுவதைக் குறிக்குமேயன்றிப் பிறரால் விலக்கப்படுவதைக் குறிக்காதென்று அதனோடு முடித்துவிட்டனர். மூன்றாமவராகிய ஏ. பி. ஸென் ஒரு படி மேலேறி, விலகலாயினும் விலக்கலாயினும் ஊழியத்துக்குப் பிந்திய தடை 27-ஆம் பிரிவின்கீழ்ச் செல்லவே செல்லாதென்று தெளிவாக எழுதினார். தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள பேதத்தைப் பள்ளியிற் சலிப்போடு கற்ற நம் மாணவர்கள், அவ்விலக்கணத்தால் ஒருவர் பிழைப்பே நிலைபெற்றதைக் காண்க.

தடை செல்லாதெனினும், விலகுவோன் எதனையும் வாரிக்கொண்டு போகலாமென்பதில்லை. இவ்விடத்தில் நம் வேதாகம வகுப்பிற் கற்ற யாக்கோபின் வரலாறு நினைவுக்கு வருகிறது. தன் மாமன் லாபானிடம் இருபதாண்டு ஊழியஞ் செய்தான். பத்துமுறை சம்பளம் மாற்றப்பட்டது. இறுதியிற் சொல்லாமற் புறப்பட்டுவிட்டான். லாபான் ஏழுநாட் பின்தொடர்ந்து பிடித்தான். மந்தையைப் பெருக்கும் வித்தை யாக்கோபினுடையது. கூலியாகப் பெற்ற ஆடுகளும் அவனுடையவை. ஆனால் ராகேல் ஒட்டகச் சேணத்தின்கீழ் ஒளித்துவைத்திருந்த சுரூபங்களோ லாபானுடையவை. இக்காலத்துக் கம்பெனிகளில் அச்சுரூபங்களுக்கு ஈடானவை வாடிக்கைக்காரர் பட்டியல்களும், பக்குவக் குறிப்புகளும், கணினி நிரல்களுமாம். இவற்றைப் பிரதியெடுத்துச் செல்வோனை, ஷரத்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், நியாயஸ்தலங்கள் நம்பிக்கைத் துரோகமென்று தடுத்துவருகின்றன. இதற்கெனத் தனிச் சட்டம் வேண்டுமென 2024 மார்ச்சில் லா கமிஷன் தன் 289-ஆம் அறிக்கையிற் பரிந்துரைத்தது. தலையில் ஏறியது எது, பெட்டியில் ஏறியது எது என்று பிரிப்பது எப்பொழுதும் எளிதன்று. எனினும் இரவோடிரவாகப் பிரதியெடுக்கப்படுவது தலையிலுள்ளதன்றென்பதில் ஐயமில்லை.

மாணவர்களிடை 'பாண்டு' என்று வழங்கும் பத்திரம் இதற்கு உறவானது. போட்டிக்குச் செல்லாதே என்று அது சொல்வதில்லை; இத்தனை ஆண்டுக்குமுன் போனால் இத்தனை ரூபாய் கட்டு என்கிறது. இதனைப் பற்றி 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட் ஒரு முக்கியமான தீர்ப்பளித்தது. விஜயா பாங்கில் 2007-இல் சீனியர் மானேஜராகச் சேர்ந்த ஒருவர், 3 ஆண்டுக்குமுன் விலகினால் ரூ. 2 இலட்சம் செலுத்துவதாக ஒப்பியிருந்தார். 2009-இல் ஐ.டி.பி.ஐ. பாங்கிற்குச் செல்வதற்காக விலகி, ஆட்சேபத்தோடு பணத்தைக் கட்டிவிட்டு வழக்காடினார். கர்நாடக ஹைக்கோர்ட் அவர் பக்கம் நின்றது. சுப்ரீம் கோர்ட் அதனை மாற்றிற்று. இப்பத்திரம் அவரைப் பிற பாங்கிற் சேரவொட்டாமற் தடுக்கவில்லை. போகும் வழிக்கு ஒரு விலை வைத்ததே. பொதுத்துறை நிலையங்கள் விளம்பரஞ் செய்து முறைப்படி ஆளெடுக்க வேண்டியிருப்பதாற் திடீர் விலகல் செலவு விளைக்கும். அவர் வகித்த பதவிக்கு அத்தொகை அதிகமுமன்று என்றது. இத்தீர்ப்பு சரியென்றே எனக்குத் தோன்றுகிறது, ஒரு கவலையோடு. சீனியர் மானேஜருக்கு அதிகமன்றாகிய 2 இலட்சம், மாதம் பதினையாயிரம் பெறும் இளைஞனுக்குச் சிறைக்கதவேயாம். அத்தகையவனிடம் மூலச் சான்றிதழ்களையும் ஈடாக வாங்கி வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு, பயிற்சிச் செலவு என்னும் நியாயம் ஒருகாலும் பொருந்தாது. தொகைக்கும் உண்மைச் செலவுக்கும் இயைபு உண்டா என்பதையே அங்குக் கேட்கவேண்டும்.

செல்லாத ஷரத்தை ஏன் இன்னும் எழுதுகிறார்கள் என்று வினவலாம். அது கோர்ட்டிற் செல்லாது, மனத்திற் செல்லும். வேலை மாற எண்ணுவோன் வக்கீலிடம் போவதில்லை. ஷரத்தை நினைத்து அஞ்சி இருந்தவிடத்திலேயே இருந்துவிடுகிறான். அவனை அழைக்க எண்ணிய புதிய முதலாளியும், வம்பு வேண்டாமென்று விட்டுவிடுகிறார். 2022-இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரியதொரு கணினி நிறுவனம், விலகிய 6 மாதத்துக்குள், தாம் முன்பு பணிசெய்த வாடிக்கைக்காரருக்காகவே பெயர் குறித்த சில போட்டி நிறுவனங்களிற் சேரலாகாதென்று விதித்திருந்ததன்மேல், பூனாவிலுள்ள தொழிலாளர் சங்கமொன்று மத்திய தொழிலாளர் அமைச்சகத்துக்கு முறையிட்டது. வழக்காடிப் பயனில்லையென்று அறிந்தும் இத்தகைய விதிகள் எழுதப்படுவதன் காரணம் இவ்வச்சமே. அமெரிக்காவிலும் ஏறக்குறைய 3 கோடித் தொழிலாளிகள் இத்தகைய ஷரத்துகளாற் கட்டுண்டிருப்பதாக அந்நாட்டு வியாபாரக் கமிஷன் மதிப்பிட்டு, 2024 ஏப்ரலில் அவற்றைத் தேச முழுவதும் ஒழிக்க ஒரு விதி செய்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெக்ஸஸிலுள்ள கோர்ட் அவ்விதியைத் தள்ளிற்று. 2025 செப்டம்பரிற் கமிஷனும் மேல்முறையீட்டைக் கைவிட்டது. ஆதலால் அங்கு ஒவ்வொரு மாகாணமும் தன் வழியே செல்கிறது.

கலிபோர்னியா சென்ற வழி நம் கவனத்துக்குரியது. ஷரத்து செல்லாதென்பதோடு அச்சட்டமன்றம் நிற்கவில்லை. அத்தகைய ஷரத்தை எழுதி வாங்கியிருந்த முதலாளிகள், இப்பொழுதுள்ள ஊழியருக்கும், 2022 ஜனவரி 1-ஆம் தேதிக்குப் பின் பணியிலிருந்து விலகிய ஊழியருக்கும், உங்களை நாங்கள் கட்டியிருந்த அக்கட்டு செல்லாது என்று 2024 பிப்ரவரி 14-ஆம் தேதிக்குள் தனித்தனியே கடிதம் எழுதியனுப்ப வேண்டுமென்று கட்டளையிட்டது. அதனோடு ஒரே நகலினின்று பிறந்த நம் 27-ஆம் பிரிவு அத்தகைய கடிதம் எதனையும் எழுதச் சொல்லவில்லை. நம் இளைஞருக்குக் கிடைப்பது அந்நியமன உத்தரவின் நடுத்தாள் ஒன்றே.